பேஸ்மென்ற் ரைல் வேலைக்குக் காசு வரேல்ல, வீட்டில லீன் (வரவேண்டிய காசுக்காக வீட்டின்ர காணிப் பதிவில ஏத்துற உரிமை) போடலாமோ?

ரைல்தம்பி:
வணக்கம் அண்ணையாக்கள். நான் ஸ்கார்பரோவில இருக்கிறன், பிரம்ப்டன்ல ஒரு வீட்டில பேஸ்மென்ற்றும் ரெண்டு வோஷ்றூமும் ஒரு கொன்ராக்டருக்குக் கீழ ரைல் பதிச்சுக் குடுத்தனான். மொத்தம் 18,600 டொலர், 7,200 தந்தவர், மிச்சம் 11,400 வரேல்ல. கேட்டால் வீட்டுக்காரர் இன்னும் தரேல்ல எண்டுறார். வீட்டுக்கார அக்காவிட்ட நேர போய்க் கேட்டன், அவ பேங்க் ட்ராஃப்ற் கொப்பியை எடுத்துக் காட்டுறா, முழுக்காசும் குடுத்திட்டாவாம். ரைல் ஒட்டுற தின்செற், இடைவெளி நிரப்புற கிறவுட் எல்லாம் என்ர கார்ட்டில வாங்கினது, வட்டி ஓடுது. எழுத்தில ஒண்டும் இல்லை, வாட்ஸப் மெசேஜ் மட்டும்தான். வேலை முடிஞ்சு ஆறு கிழமை தாண்டிட்டுது. என்னை வேலைக்குப் பிடிச்சது கொன்ராக்டர்தானே, அந்த அக்கான்ர வீட்டில நான் லீன் போட ஏலுமோ?

ட்ரைவோல்அண்ணை:
ஏலும் தம்பி, கொன்ராக்டருக்குக் கீழ வேலை செய்யிற சப்புக்கும் உரிமை இருக்கு, வாயால பேசினாலும் ஒப்பந்தம்தான். ஆனா முதல் கலண்டரைப் பார். ஒன்ராறியோவில நீ கடைசியா வேலை செய்த நாளில இருந்து 60 நாளுக்குள்ள காணிப் பதிவில லீன் பதியோணும், பிந்தினால் லீன் போச்சு. நான் அப்பிடித்தான் 9,000 டொலரை விட்டனான். அடுத்த வெள்ளி அடுத்த வெள்ளி எண்டு கொன்ராக்டர் சொல்லச் சொல்ல நம்பிக்கொண்டிருந்தன், இடையில கூப்பிட்டு ஒரு மூலையில வெடிப்புப் பூசச் சொன்னவர், நான் அந்த நாளில இருந்து 60ஐ எண்ணிப்போட்டன். முடிச்ச வேலையில பிழை திருத்தப் போன நாள் கணக்கில வராது எண்டு லோயர் சொல்லத்தான் தெரியும். என்னோட நிண்ட பெடியனுக்கு வீட்டு வாடகைக் காசில எடுத்துத்தான் சம்பளம் குடுத்தனான்.

லோகிளார்க்:
அண்ணை சொன்னது சரி. பதிஞ்சதோட முடியேல்ல, அந்த 60 நாள் முடிஞ்சு அடுத்த 90 நாளுக்குள்ள வழக்கும் போட்டு அதையும் பதிவில ஏத்தோணும். அந்த அக்கா சட்டப்படி ஒவ்வொரு பேமென்ற்றிலயும் 10% ஹோல்ட்பேக் மறிச்சு வச்சிருக்கோணும், முழுக்கக் குடுத்திருந்தாலும் அந்த 10%க்கு அவதான் பொறுப்பு. கொன்ராக்டரின்ர வேலை 80,000 எண்டால் 8,000, மற்ற சப் ஆக்களும் லீன் போட்டால் அதுக்குள்ளதான் பங்கு. அதால 11,400ம் லீனால வரும் எண்டு நினைக்காதைங்கோ. மிச்சத்துக்குக் கொன்ராக்டரைப் பிடிக்கோணும். அக்கா குடுத்த காசு அவரின்ர கையில உங்களுக்கெண்டு பொறுப்பா வச்சிருக்க வேண்டிய ட்ரஸ்ற் காசு, உங்களுக்குத் தராமல் வேற செலவுக்கு எடுத்திருந்தால் கொம்பனியின்ர டிரெக்ரரே சொந்தக் காசில கட்ட வேண்டி வரும். லீன் தவறினாலும் ஸ்மோல் க்ளெய்ம்ஸ் எண்ட சின்னத் தொகைக் கோட்டில 50,000 வரைக்கும் கேக்கலாம், ரெண்டு வருசத்துக்குள்ள. லீன்ல தொகையை மட்டும் கூட்டி எழுதிப்போடாதைங்கோ, அதுக்கு நட்டஈடு கேப்பினம்.

மார்க்கம்அக்கா:
நான் அந்த வீட்டுக்கார அக்கா மாதிரி நிண்டனான் தம்பி. மோர்கேஜ் மாத்தப் போன இடத்திலதான் வீட்டில லீன் இருக்கெண்டே தெரியும், ப்ளம்பருக்கு ரெண்டாந்தரம் காசு குடுத்துத்தான் எடுத்தம். 10% மறிக்கோணும் எண்டு ஒருத்தரும் எங்களுக்குச் சொல்லேல்ல. நீங்கள் பதியுங்கோ, உங்கட உழைப்பு, ஆனா அதுக்கு முதல் அவவுக்கு எழுத்தில ஒரு கடிதம் குடுங்கோ. கொன்ராக்டருக்கு இன்னும் ஏதும் குடுக்க இருந்தால் அவ மறிப்பா.

ரைல்தம்பி:
எல்லாருக்கும் நன்றி. போனைத் திறந்து பாத்தன், வோஷ்றூமில கடைசிக் கிறவுட் துடைச்சிட்டு எடுத்த படம் இருக்கு, தேதியோட. இண்டைக்கு 44ஆவது நாள். திங்கள் காலமை லோயரிட்டப் போறன். சாமான் பில்லும் கொண்டு போகவோ?

ட்ரைவோல்அண்ணை:
பில், படம், வாட்ஸப் எல்லாம் கொண்டு போ. வீட்டு அட்ரஸைச் சரியா எழுதிக் கொண்டு போ. திங்கள் எண்டால் திங்கள்தான், தள்ளிப் போடாதை.