கலைச்சொல்: புரோபயாட்டிக்குக்கு ‘நன்னுயிரி’ வேணாம்னு தோணுது

எல்லாருக்கும் வணக்கம்.

கைக்குழந்தைக்கு ஆஸ்துமா, எக்ஸிமா (அரிப்போட வர்ற தோல் அழற்சி) வராம இருக்க புரோபயாட்டிக் சொட்டு, அதாவது பலன் தரும்னு கொடுக்கற உயிருள்ள நுண்ணுயிர், கொடுக்கலாமாங்கறதைப் பத்தி பெத்தவங்களுக்கான ஒரு சின்ன கையேட்டைத் தமிழாக்கம் பண்ணிட்டிருக்கேன்னு சொல்லியிருந்தேன் இல்லையா, அதுல புரோபயாட்டிக் மட்டும் முப்பது தடவைக்கு மேல வருது. இங்க பேசினப்ப ‘நன்னுயிரி’ன்னு முடிவாச்சு, நானும் தலையாட்டினேன். இப்ப அதை வாபஸ் வாங்கறேன்.

காரணம் இதுதான். வரைவை ஒரு அம்மாகிட்ட படிக்கக் கொடுத்தேன். மூத்த பையனுக்கு எக்ஸிமா, முழங்கை மடிப்பெல்லாம் செவந்து வெடிச்சு, ராத்திரி சொறிஞ்சு ரத்தம் வராம இருக்க ரெண்டு கையிலயும் சாக்ஸ் மாட்டிவிட்டு பக்கத்துலயே முழிச்சிருந்தவங்க. இப்ப ரெண்டாவது குழந்தையை எதிர்பார்த்திட்டிருக்காங்க. முதல் பக்கம் படிச்சதுமே நிமிர்ந்து, “பேர்லயே நல்லதுன்னு இருக்கே, அப்ப பொறந்த அன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்ல?”ன்னாங்க. மூணாம் பக்கத்துல எக்ஸிமாவுக்கு சில ஆய்வுல பலன் தெரிஞ்சுது சிலதுல தெரியல, ஆஸ்துமாவைத் தடுக்கும்னு ஆதாரமே இல்லன்னு தெளிவா இருக்கு, அவங்க அது வரைக்கும் போகவே இல்ல. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது, நாம வெச்ச பேர் முதல் பக்கத்துலயே தீர்ப்பு சொல்லிடுச்சு.

ஆய்வு நிலவரம் எவ்வளவு கலவையா இருக்குன்னு பாருங்க. 2001-ல பின்லாந்துல துர்க்கு நகரத்துல, குடும்பத்துல ஒவ்வாமை இருக்கற தாய்மாருக்கு பிரசவத்துக்கு முன்னாடி சில வாரமும், குழந்தை பொறந்து ஆறு மாசமும் எல்ஜிஜிங்கற லாக்டோபேசிலஸ் வகை பாக்டீரியாவைக் கொடுத்தாங்க. ரெண்டு வயசுல எக்ஸிமா 46 சதவீதத்துக்கு பதிலா 23 சதவீதம், அதாவது சரிபாதி. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. ஆனா அதே குழந்தைங்களை ஏழு வயசு வரைக்கும் தொடர்ந்து பார்த்ததுல எக்ஸிமா குறைவாத்தான் இருந்துச்சு, ஆஸ்துமா குறையல. 2008-ல ஜெர்மனியில அதே எல்ஜிஜியை வெச்சு செஞ்சாங்க, எக்ஸிமாவுலயே வித்தியாசம் இல்ல. 2013-ல இருபது ஆய்வுகளை, கிட்டத்தட்ட 5000 குழந்தைங்களை ஒண்ணா சேர்த்துப் பார்த்தப்பவும் ஆஸ்துமா குறைஞ்சதா தெரியல. இவ்வளவு ‘ஆனா’ இருக்கற ஒண்ணுக்கு ‘நன்’ன்னு முன்னொட்டு வெச்சா அது கலைச்சொல்லா விளம்பரமா?

‘நல்ல பாக்டீரியா’வும் வேணாம், ஏன்னா புரோபயாட்டிக்ல ஈஸ்ட்டும் உண்டு, அது பாக்டீரியா இல்ல, பூஞ்சை.

மூலச்சொல்லுக்கு எழுத்துக்கெழுத்து விசுவாசமா இருக்கணும்னும் இல்ல. 1965-ல புரோபயாட்டிக்ங்கற பேரை ஒரு நுண்ணுயிர் சுரந்து இன்னொரு நுண்ணுயிரோட வளர்ச்சியைத் தூண்டற பொருளுக்குத்தான் பயன்படுத்தினாங்க, அப்புறம் கால்நடைத் தீவனம் பக்கம் போச்சு, 1989-லதான் உயிருள்ள நுண்ணுயிரா இருக்கணும்ங்கறது உறுதியாச்சு. அவங்க சொல்லே இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கு, நாம பொருளைப் பிடிச்சுக்கலாம்.

பொருள்ல என்ன முக்கியம்னா, இது குடல்ல தானா வாழற கூட்டம் இல்ல, வெளியில இருந்து நாம அளந்து கொடுக்கறது. பல கட்டுரைகள்ல இந்த ரெண்டையும் ஒரே சொல்லால குழப்பறாங்க. அதனால என் பரிந்துரை: ஊட்டுயிரி. ஊட்டுகின்ற உயிரி, வினைத்தொகை. என்ன செய்யறோம்னு சொல்லுது, என்ன பலன்னு வாக்கு கொடுக்கல.

உங்க கருத்து வேணும்.

—

மறுமொழி:

சார், நான் குழந்தை மருத்துவர், பெரும்பாலும் படிச்சுட்டுப் போயிடுவேன், இன்னிக்கு எழுதியே ஆகணும்.

‘நன்’ வேணாம்ங்கறதுல முழு உடன்பாடு. 2023-ல அமெரிக்காவோட உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, குறைமாசக் குழந்தைங்களுக்கு ஆஸ்பத்திரியில புரோபயாட்டிக் கொடுக்கறது பத்தி எச்சரிக்கை விட்டுச்சு. ஒரு குழந்தை ரத்தத்தொற்று வந்து இறந்துபோச்சு, ரத்தத்துல இருந்த பாக்டீரியாவும் கொடுத்த தயாரிப்புல இருந்த பாக்டீரியாவும் மரபணு அளவுல பொருந்துச்சு. நிறைமாசக் குழந்தைங்க கதை வேற, ஆனா பேரைப் பார்த்து எல்லாக் குழந்தைக்கும் நல்லதுன்னு யாரும் நினைச்சிடக்கூடாது.

ரெண்டு ஆட்சேபம் இருக்கு. ஒண்ணு, ஐ.நா.வோட உணவு வேளாண்மை நிறுவனமான எஃப்ஏஓவும் உலக சுகாதார நிறுவனமும் 2001-ல கொடுத்த வரையறையிலயே பலன் இருக்கு: உயிரோட இருக்கணும், போதுமான அளவு கொடுக்கணும், ஏத்துக்கறவருக்கு நன்மை தரணும். பலனை மொத்தமா எடுத்துட்டா வரையறையில மூணுல ஒரு பங்கு போயிடாதா?

ரெண்டாவது இதைவிடப் பெருசு. ஹோஸ்ட்டுக்கு, அதாவது இன்னொரு உயிரைத் தன் உடம்புல வெச்சுத் தாங்கற உயிருக்கு, நம்ம பாடநூல்ல ‘ஓம்புயிரி’ன்னு இருக்கு, ஓம்புற உயிரி. அதே அச்சுல ‘ஊட்டுயிரி’ன்னா ஊட்டுற உயிரின்னுதான் மாணவங்க படிப்பாங்க. குழந்தைதான் ஓம்புயிரி, இது அதுக்கு ஊட்டப்படற உயிரி, தலைகீழா ஆயிடும். பாலூட்டி ஞாபகமும் வரும்.

—

மறுமொழி:

டாக்டர், ரெண்டாவது ஆட்சேபம் என்னை ரெண்டு நாள் தூங்க விடல. நீங்க சொன்னது சரி, ‘ஓம்புயிரி’ பக்கத்துல அதை வெச்சா நிக்காது.

முதல் ஆட்சேபத்துக்கு மட்டும் பதில் சொல்றேன். வரையறையில பலன் இருக்கறது ஒரு நிபந்தனையா, அந்த உயிரோட குணமா இல்ல. நியூசிலாந்துல 2008-ல வந்த ஆய்வு இதுக்கு நல்ல சாட்சி. எச்என்001-ன்னு ஒரு பாக்டீரியா, எச்என்019-ன்னு இன்னொண்ணு, ரெண்டையும் ஒரே ஆய்வுல வேற வேற குழுவுக்குக் கொடுத்தாங்க. முதலாவது எக்ஸிமாவைப் பாதியா குறைச்சுது, ரெண்டாவதுல ஒண்ணும் இல்ல. ரெண்டும் கடையில புரோபயாட்டிக்தான். பலன் எந்த ஸ்ட்ரெயின் (ஒரே சிற்றினத்துக்குள்ள இருக்கற தனி வகை), எந்த நோய், எப்ப கொடுத்தாங்கங்கறதைப் பொறுத்து மாறுது, அதைச் சொல்லுக்குள்ள அடைக்க முடியாது, அதுக்கு விளக்கம்தான் வேணும்.

ஸ்ட்ரெயின்னு வந்ததால சொல்றேன், அதுக்கு ‘திரிபு’ன்னு எழுதறது எனக்கு உறுத்தலா இருக்கு. கொரோனா காலத்துல அது உருமாறின ஆபத்தான வைரஸ்னு மனசுல பதிஞ்சுபோச்சு, குழந்தைக்குக் கொடுக்கற சொட்டு மேல ‘திரிபு’ன்னு இருந்தா யாரும் பயப்படுவாங்க. வம்சத்துக்கு நம்மகிட்ட ‘கால்வழி’ன்னு அருமையான சொல் இருக்கு. பேரினம், சிற்றினம், கால்வழி. 2020-ல லாக்டோபேசிலஸை இருபதுக்கும் மேல பேரினமா பிரிச்சு எல்ஜிஜியோட பேரினப் பேரையே மாத்திட்டாங்க, கால்வழிப் பேர் மட்டும் அப்படியே நிக்குது, அதனால பெத்தவங்க பாட்டில்ல தேட வேண்டியதும் அதைத்தான்.

இப்ப திருத்தின பரிந்துரை: ஊட்டுநுண்மி. நுண்மின்னா நுண்ணுயிர். ‘உயிரி’ போனதால ‘ஓம்புயிரி’யோட இழுபறி இல்ல. குடிநீர்னா குடிக்கிற நீர், இடுபொருள்னா இடுகிற பொருள், அதே வழியில ஊட்டுநுண்மின்னா ஊட்டுகிற நுண்மி. அது ஊட்டுதுன்னு யாராவது படிச்சா, குடிநீர் குடிக்குதுன்னு படிக்கறதில்லையேன்னு காட்டலாம். ப்ரீபயாட்டிக், குடல்ல இருக்கற நுண்மிக்குப் போற தீனி, அது ‘நுண்மித்தீனி’. ப்ரீ, ப்ரோ குழப்பமும் இதோட தீருது. எக்ஸிமாவை எக்ஸிமான்னே விட்டுட்டேன், ‘கரப்பான்’னு போட்டா பாதிப் பேருக்கு பூச்சிதான் ஞாபகம் வருது.

முதல் பக்கத்தை இப்படி மாத்தியிருக்கேன்: “ஊட்டுநுண்மி என்பது உயிருள்ள நுண்மிகளை அளவாகக் கொடுப்பது. சில கால்வழிகள் சில குழந்தைகளுக்கு எக்ஸிமா வருவதைக் குறைத்திருக்கின்றன. ஆஸ்துமா வராமல் தடுப்பதாக இதுவரை தெரியவில்லை. குறைமாதக் குழந்தை என்றால் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள்.” கடைசி வரி உங்களால வந்தது டாக்டர். அந்த அம்மாகிட்ட மறுபடி படிக்கக் கொடுத்திருக்கேன், அவங்க என்ன சொல்றாங்கன்னு இங்கயே எழுதறேன்.