அம்மாவின் கொழுப்பு குறைந்தபோது மகிழ்ந்தோம்

ஹட்டனிலிருந்து:

அம்மா 32 ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். கிளினிக் கொப்பியில் அவருடைய மொத்தக் கொலஸ்ட்ரோல் எப்போதும் 240-ஐ ஒட்டியே இருக்கும். ஒருமுறை 150 என்று வந்தது. மருந்தும் மாற்றவில்லை, பத்தியமும் இல்லை. ஆனாலும் வீடே மகிழ்ந்தது. ரொட்டியில் பாதியை வைத்துவிட்டு அவர் எழுந்து போவதை அந்த எண்ணோடு யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. கை கால் மெலிந்தன, வயிறு மட்டும் உப்பியது. கொழுந்து பறிக்கும்போது சுற்றும் படங்கை இடுப்பில் கட்டவே சிரமப்பட்டார். வாய்வு என்று சொல்லி நான்கு மாதம் கேஸ்ட்ரிக் மாத்திரை கொடுத்தார்கள். நாங்களும் இஞ்சி அவித்துக் கொடுத்தோம்.

ஸ்கேனில் சூலகப் புற்றுநோய் தெரிந்தது. 35-க்குள் இருக்க வேண்டிய சிஏ 125 என்ற இரத்தப் பரிசோதனை அளவு 600-ஐத் தாண்டியிருந்தது. சத்திரசிகிச்சையில் கருப்பை, சூலகங்களோடு குடலுக்கு முன்னால் திரைபோல் தொங்கும் கொழுப்புப் படலத்தையும் எடுத்தார்கள். இந்த நோய் அதிகம் பரவும் இடம் அதுதானாம்; அங்குள்ள கொழுப்பையே புற்றணுக்கள் எரிபொருளாக்கிக் கொள்கின்றன என்று வைத்தியர் விளக்கினார். கொலஸ்ட்ரோல் குறைந்தாலே புற்றுநோய் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் காரணமில்லாமல் குறைந்து, பசியும் போய், வயிறும் உப்பினால் ஸ்கேன் கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.

பண்டாரவளையிலிருந்து:

என் அக்காவுக்கு நேர்மாறாக நடந்தது. 44 வயதில் இரண்டு சூலகங்களையும் எடுத்தார்கள், ஆறு முறை கீமோ ஏற்றினார்கள். ஓராண்டு கழித்து, கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்டிஎல் 168. தேங்காய்ச் சம்பலை அடியோடு விட்டும் ஏறியதே என்று அழுதாள். சூலகங்கள் போனதும் ஈஸ்ட்ரஜன் வெகுவாகக் குறைந்துவிடும். இரத்தத்திலிருந்து எல்டிஎல்லை ஈரல் அகற்ற உதவுவது அந்த ஹோர்மோன்தான். சம்பல்மீது மட்டும் பழி போட முடியாது. இப்போது இரவில் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டட்டின் மாத்திரை எடுக்கிறாள். இதயத்துக்காக, புற்றுநோய்க்காக அல்ல.

மாத்தளையிலிருந்து:

கொழுப்பை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து சாகும் என்று யாரோ சொன்னதை நம்பி, புற்றுநோய் வந்த மாமிக்கு முட்டையும் பாலும் கொடுக்காமல் இருந்தோம். உடம்புக்கு வேண்டிய கொலஸ்ட்ரோலில் பெரும்பகுதியை ஈரலே செய்துகொள்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது. மாமி ஆறு கிலோ இறங்கினார், அடுத்த கீமோவைத் தள்ளிப்போட்டார்கள். இப்போது காலையில் முட்டை, இரவில் பருப்பு. நேற்று நெத்தலிக் கருவாடு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.