அடகுக்கடையில் மூழ்கிய நகை: மிச்சப் பணம் யாருடையது?

கடைக்காரர்_மகன்:

தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிக்காட்டை ஒட்டி ஒரு சின்ன ஊர். அங்கே அப்பா 36 வருடம் அடகுக்கடை நடத்தினார். இந்த வருடம் லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தைய உபவாச காலம்) தவறிவிட்டார். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான் இப்போது கடையில் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் நாலு தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை.

போன மாதம் கோயிலில் வேதபாடம் வாசிக்கும் முறை எனக்கு வந்தது. அன்றைக்கு சங்கீதம் 15. வாசிக்கிறவன் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று மாறிமாறிப் போகும். மொத்தம் ஐந்தே வசனம். ஒன்றும் மூன்றும் ஐந்தும் எனக்கு. அந்த ஐந்தாவதில்தான், பணத்தை வட்டிக்குக் கொடாதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று வருகிறது. மைக் முன்னால் அடகுக்கடைக்காரன். பின் வரிசையில் யாரோ கனைத்தார்கள். தொண்டை சரியில்லாமலும் இருக்கலாம்.

இதற்கு அப்பா கையில் ஒரு பதில் இருந்தது. தாலந்து உவமையில் எஜமான், என் பணத்தைக் காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடு வாங்கியிருப்பேனே என்கிறார் (மத்தேயு 25:27). "இயேசுவே சொன்ன கதையில் வட்டி இருக்கு, அப்புறம் என்ன?" என்பார். அப்பா கெட்டவர் இல்லை. வருடா வருடம் அசனத்துக்கு (கோயிலில் போடும் பொது விருந்து) மூன்று மூட்டை அரிசி எங்கள் வீட்டிலிருந்துதான் போகும்.

ஆனால் அவருடைய நோட்டைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. சபையாருக்கு ஒரு வட்டி (மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய்), மற்றவர்களுக்கு இரண்டு வட்டி. கேட்டால் பைபிளில் உபாகமம் 23-ஐக் காட்டுவார்: சகோதரனிடம் வாங்காதே, அந்நியனிடம் வாங்கலாம். அந்நியன் யார்? எதிர்த்த கடையில் டீ ஆற்றுகிறவர்.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரிது. பெட்டகத்தில் 11 பொட்டலம், நோட்டில் சிவப்பு மையில் "மூழ்கினது", அதாவது கெடு தாண்டியும் மீட்காதது. இன்னும் உருக்கவில்லை. அதில் ஒன்று அரைச் சவரன் கம்மல். 2023 அக்டோபரில் 15,000 ரூபாய்க்கு வைத்தது. இரண்டு வட்டி என்றால் மாதம் 300, இரண்டு வருடத்துக்கு 7,200. ஆக வர வேண்டியது 22,200. சவரன் அப்போது 45,000-ஐ ஒட்டி இருந்தது, 2025 அக்டோபரில் 90,000-க்குப் போய்விட்டது. அந்தக் கம்மலை அந்த விலைக்கு விற்றால், கழிவு போனாலும் 20,000 மிஞ்சும். அப்பா காலத்தில் ஏலம் என்பது ரசீதின் பின்பக்கத்து அச்சில்தான் இருந்தது. மிஞ்சியது கடைக்கு.

அந்த மிச்சம் யாருடையது? கடையையே மூடிவிட வேண்டுமா? சட்டம் தெரிந்தவர்களும் வேதம் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

உரைகல்:

நான் வங்கிக்கு நகை மதிப்பிடுகிறவன். கிறிஸ்தவன் இல்லை, அதனால் வசனத்துக்குள் போகவில்லை. வங்கியில் ஏலம் போனால் அசல், வட்டி, ஏலச்செலவு போக மிஞ்சுவது வாடிக்கையாளர் பணம். அவருக்குத்தான் திரும்பப் போகும். அடகு வைப்பது விற்பது ஆகாது. நகை உங்கள் பெட்டகத்தில் இருந்தாலும் உடைமை அவருடையது. ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், அது வேறு.

ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டில் 2003-இலிருந்து அதீத வட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. உரிமம் வாங்கிய அடகுக்கடைக்கும் வட்டிக்கு உச்ச வரம்பு உண்டு. அப்பாவின் இரண்டு வட்டி அதற்குள் வருகிறதா என்று முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பரலோகக் கணக்கு அப்புறம்.

கிருபை_போதும்:

பிரதர், ஜெபத்தில் வையுங்கள். கர்த்தர் வழி திறப்பார். ஸ்தோத்திரம்.

கடைக்காரர்_மகன்:

ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன் பிரதர். கண்ணை மூடினால் அந்தக் கம்மல்தான் தெரிகிறது.

நாகர்கோவில்_டீச்சர்:

நான் கத்தோலிக்கப் பெண், வரலாறு எடுத்து ஓய்வு பெற்றவள். உங்கள் கேள்வியை இத்தாலியில் 560 வருடத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள் தம்பி.

இடைக்காலத் திருச்சபையில் வட்டி பெரும் பாவம். 1179-இல் ரோமில் கூடிய திருச்சபைப் பேரவையான மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டி வாங்குகிறவனுக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்றது. அதனால் ஏழைக்குக் கடன் தேவைப்படுவது நின்றுவிடுமா? 1462-இல் பெரூஜியா நகரத்தில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஒரு அடகுக்கடையே திறந்தார்கள். ஆமாம், சாமியார்கள் தூண்டித் திறந்த அடகுக்கடை. துணி, பாத்திரம் வைத்துச் சிறுகடன் வாங்கலாம். குமாஸ்தா சம்பளத்துக்கும் வாடகைக்கும் மட்டும் ஒரு சின்னக் கட்டணம். பொருள் மீட்கப்படாமல் விற்கப்பட்டால் மிச்சம் உரியவருக்கு. தொமினிக்கன் துறவிகள் சிலர், கட்டணம் என்றாலும் வட்டி வட்டிதான் என்று சண்டைக்கு வந்தார்கள். 1515-இல் ஐந்தாம் லாத்தரன் சங்கம் அந்தக் கட்டணம் நியாயமானதே என்று தீர்த்துவைத்தது. இதில் வெட்கப்பட வேண்டிய பக்கமும் இருக்கிறது: இந்தக் கடைகளுக்காகப் பிரசங்கித்த துறவிகளில் சிலர் யூத வட்டிக்காரர்கள்மேல் வெறுப்பையும் சேர்த்தே விதைத்தார்கள். உங்கள் அப்பாவின் "அந்நியன்" கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

உபாகமம் 23 வரை வந்தவர் இன்னும் ஒரு அதிகாரம் வாசித்திருக்கலாம். 24-இல் திரிகைக்கல்லை அடகாக வாங்காதே, அது ஒருவனுடைய உயிரை அடகு வாங்குவது போல என்று இருக்கிறது. அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவரட்டும் என்றும் இருக்கிறது. மத்தேயு 25-ம் அப்படித்தான். 27-ஆம் வசனத்தில் காசுக்காரர். 13 வசனம் தள்ளி, இந்தச் சிறியவரில் ஒருவருக்குச் செய்ததை எனக்கே செய்தீர்கள் என்கிறார்.

பழைய_செயலாளர்:

அண்ணாச்சி, நான் சைவக் குடும்பம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம். கடையை மூடுவது பற்றி மட்டும் சொல்ல வந்தேன்.

எங்கள் கூட்டுறவுப் பயிற்சியில் ராய்ஃபைசன் பெயரை எழுதாமல் யாரும் தேறியதில்லை. ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ராய்ஃபைசன், 1818-இல் பிறந்த ஜெர்மானியர், வையர்புஷ் என்ற மலையூரின் மேயர். ஆழ்ந்த புராட்டஸ்டன்ட் பக்தி உள்ளவர். 1846-47 குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது வசதியுள்ளவர்களிடம் பணம் திரட்டி, தானியம் வாங்கி, ஊர் அடுப்பில் ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். 1849-இல் ஃப்ளாமர்ஸ்ஃபெல்டில் ஒரு உதவிச் சங்கம். மாட்டுக்குக் கடன் கொடுத்து, கடைசியில் மாட்டையும் நிலத்தையும் விழுங்கும் வியாபாரிகளிடமிருந்து விவசாயிகளை மீட்பதற்காக.

எனக்குப் பிடித்தது இனிமேல்தான். இதெல்லாம் பணக்காரர்களின் இரக்கத்தில் ஓடியது. இரக்கம் நாலைந்து வருடத்தில் களைத்துவிடும் என்று மனிதர் கண்டுகொண்டார். 1864-இல் ஹெட்டஸ்டார்ஃபில் சங்கத்தை மாற்றி அமைத்தார். கடன் வாங்குகிறவனே உறுப்பினன், ஒருவர் கடனுக்கு எல்லோரும் ஜவாப்தாரி. வட்டி உண்டு, கவனியுங்கள், வட்டி உண்டு! ஆனால் மிச்சம் யாரும் பங்கு போட முடியாத சேமநிதிக்குப் போனது. கண் பார்வை மங்கி அடுத்த வருடமே மேயர் வேலையை விட்டார். 1888-இல் இறக்கும்வரை இதைக் கிறிஸ்தவக் கடமை என்றே சொல்லிவந்தார்.

பிறகு சென்னை மாகாண அரசு ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை அனுப்பி, கிராமக் கடனுக்கு என்ன வழி என்று ஆராயச் சொன்னது. 1895-இலும் 1897-இலும் இரண்டு தொகுதி அறிக்கை கொடுத்தார். அதன் சாரம் ஒரே வரி: ராய்ஃபைசனைத் தேடுங்கள். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கினார்கள். நான் சம்பளம் வாங்கியதெல்லாம் அந்த மேயரின் பக்தியிலிருந்து என்றுகூடச் சொல்லலாம்.

எங்கள் சங்கங்களில் நடந்த கூத்துகளும் எனக்குத் தெரியும், அதற்குத் தனித் திரி வேண்டும். விஷயம் இதுதான்: லூக்கா 3-இல் வரி வசூலிக்கிறவர்கள் ஸ்நானகர் யோவானிடம் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்களாமே. வேலையை விடு என்று அவர் சொல்லவில்லை. விதித்ததற்கு மேல் வாங்காதே என்றார். நீங்கள் மூடினால் அந்தத் தெருவுக்கு மீட்டர் வட்டிக்காரன் வருவான்.

கோவில்பட்டிக்காரி:

எல்லோரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். நான் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றவள்.

அம்மா தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினாள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது கம்மல் கடைக்குப் போகும், தைப்பொங்கலுக்குத் திரும்பும். இடைப்பட்ட மாதங்களில் துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் சின்னதாக நறுக்கிச் செருகிக்கொள்வாள். ஈரமான குச்சி என்றால் போன வாரம்தான் வைத்தது, காய்ந்து கறுத்திருந்தால் நாளாகிவிட்டது. தெருவில் யார் வீட்டில் என்ன நிலைமை என்று காதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

கடைக்காரர் தொகையைச் சத்தமாகச் சொல்லித்தான் எண்ணுவார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கும்.

தம்பி, மிச்சத்தைக் கொடுப்பதாக இருந்தால் கார்டு போடாதீர்கள். தபால்காரர் முதல் பக்கத்து வீடு வரை படித்துவிட்டுத்தான் அவள் கைக்குப் போகும்.

கடைக்காரர்_மகன்:

அக்கா, 11 கார்டு எழுதி முத்திரைகூட வைத்துவிட்டேன். உங்கள் பதிலைப் பார்த்த பிறகு கிழித்துவிட்டேன்.

வக்கீல் கணக்கைத் திருத்திக் கொடுத்தார். இப்போது எல்லோருக்கும் ஒரே வட்டி, அப்பாவின் இரண்டுக்குக் கீழே, அந்த 11 பொட்டலத்துக்கும் சேர்த்து. சபையில் ஒரு பெரியவர், "நம்மாளுக்கே ஏத்திட்டியே, உங்கப்பா இருந்தா விடுவாரா?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார். சபையாருக்கு வட்டி கொஞ்சம் ஏறியிருக்கிறது என்பது உண்மைதான். எங்கள் ஐயரிடம் (இந்தப் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம்) கேட்டேன். அவர், அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய அந்நியனான நல்ல சமாரியன் பெயரைச் சொல்லிவிட்டு, அசனக் கமிட்டி நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கம்மல்காரம்மா வீட்டுக்கு சனிக்கிழமை போனேன். வாசலிலேயே நின்றேன். கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். காதில் குச்சி, கறுத்துப்போயிருந்தது. வட்டி கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, அடுத்த மாதம் பனங்கிழங்கு விற்றதும் தருவதாக அவரே ஆரம்பித்துவிட்டார். விற்றால் மிஞ்சுவது உங்களுக்கு, மீட்டால் கம்மல் உங்களுக்கு என்று சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. "எதுல கையெழுத்து வாங்கப் போறீங்க?" என்றார்.

பணம் வேண்டாம், கம்மல்தான் வேண்டுமாம். இதுவரை 2,000 கட்டியிருக்கிறார்.

மற்றதில் ஆறு பேரைப் பார்த்துவிட்டேன், மூன்று பேர் வெளியூர். கடைசிப் பொட்டலத்துப் பாட்டி இறந்துவிட்டார். மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் தனித்தனியாக வந்து, மற்ற இருவரிடம் சொல்லாமல் என்னிடம் கொடுத்துவிடு என்கிறார்கள். உரைகல் அண்ணா, இதற்கு வாரிசுச் சான்று கேட்கலாமா?