சித்த சுவாதீனம்: அளவுகோல் யார் கையில்?

அரைத்தூக்கம்:
பெரும்பாலானோர் எப்படி இருக்கிறார்களோ அதற்கு வைத்த பேர்தான் புத்தி சுவாதீனம். 1851இல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், அடிமைகள் தப்பி ஓடுவதையே மனநோய் என்று எழுதி அதற்கொரு பேரும் வைத்தார். தன்பாலீர்ப்பு 1973 வரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் இருந்தது, நீக்கிய பிறகு அதற்கும் ஒரு வாக்கெடுப்பு. ஓட்டுக்கு விடுகிற நோயை எப்படி நம்புவது?

நேர்கோடு:
அந்த ரெண்டிலும் தவித்தது நோயாளி இல்லை, சுற்றி இருந்தவர்களுக்குத்தான் பிடிக்கவில்லை. சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று பயந்து, நாலு நாளாகத் தூங்காமல் பட்டினி கிடக்கிறவரிடம் போய் இதெல்லாம் பெரும்பான்மையின் பார்வை என்பீர்களா? அப்புறம், சுவாதீனம் என்பதே கோர்ட்டுச் சொல். 1843இல் லண்டனில் பிரதமரின் செயலாளரைச் சுட்ட மெக்நாட்டன் வழக்கிலிருந்து வந்த கேள்வி அது: செய்வது இன்னதென்றும் அது தவறென்றும் ஆளுக்குத் தெரிந்ததா? சிகிச்சை தருகிற மருத்துவருக்கு அது முக்கியமில்லை. தூக்கம் வருகிறதா, வேலை பார்க்க முடிகிறதா, உயிருக்கு ஆபத்தா, அவ்வளவுதான்.

அரைத்தூக்கம்:
சரி, 1973இல் வந்த ரோசன்ஹான் ஆய்வு? குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி எட்டுப் பேர் மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள், உள்ளே போனதும் சாதாரணமாகத்தான் இருந்தார்கள், ஆனாலும் சராசரியாக 19 நாள் வைத்திருந்தார்கள்.

நேர்கோடு:
2019இல் ஒரு பத்திரிகையாளர் தோண்டியதில் அந்த ஆய்வே சந்தேகத்துக்கு உள்ளாகிவிட்டது. நெஞ்சுவலி என்று பொய் சொல்லியும்தான் ஒருவர் படுக்கையில் போய்ப் படுத்துக்கொள்ளலாம், அதனால் மாரடைப்பே இல்லை என்றாகிவிடுமா?

வெயில்மழை:
ரெண்டு பேரும் வெளியே நின்று பேசுகிறீர்கள். எனக்கு இருமுனைக் கோளாறு (பைபோலார்): சில காலம் கட்டுக்கடங்காத உற்சாகம், சில காலம் ஆழ்ந்த சோர்வு. என் மூளை இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை என்று நான் சத்தியம் செய்த அதே வாரத்தில்தான் சேமிப்பு முழுவதையும் கரைத்தேன், அதனால் அரைத்தூக்கம் சொல்வது எனக்கு ஒத்துவராது. ஆனால் நேர்கோடு, அதற்கான லித்தியம் மாத்திரை எடுத்து ஆறு வருஷமாக ஒழுங்காக வேலை பார்க்கிறேன், இன்றைக்கும் கொஞ்சம் குரலை உயர்த்தினால் 'மாத்திரை போட்டியா' என்றுதான் கேட்கிறார்கள். சுவாதீனம் என்றால் தன் வசம் இருப்பது. என் கோபம்கூட என் வசம் இல்லையாம்.

அரைத்தூக்கம்:
அந்த வாரம் உங்களை யாருமே தடுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லையே. தடுக்கிற உரிமை யாருக்கு என்றுதான் கேட்கிறேன்.

வெயில்மழை:
என் அக்காவுக்கு. நன்றாக இருக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்கிறேன்: ரெண்டு நாள் நான் தூங்காவிட்டால் கார்டை வாங்கி வைத்துக்கொள், கத்தினாலும் கொடுக்காதே.