1990இல் விட்டுவந்த காணி இப்போது யாருடையது?

முசலி மண்:
"புத்தளத்தில் வீடு கட்டி நிலைத்துவிட்டீர்கள், பிறகு மன்னாரில் எதற்குக் காணி?" இந்தக் கேள்வியைப் பல வருடமாகக் கேட்டு வருகிறேன். 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். எங்கள் வாப்பா காணி உறுதியைக்கூட எடுக்க முடியாமல் நடந்தே புத்தளம் போய்ச் சேர்ந்தார். அகதி முகாமில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அங்கே வீடு கட்டியது பிழைப்பதற்காக. ஊர்க் காணியை விட்டுக்கொடுக்கிறோம் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

2009இல் போர் முடிந்ததும் திரும்பிப் போனோம். இருபது வருடத்தில் வளவெல்லாம் பற்றையும் மரமுமாகிவிட்டது. 2012 அக்டோபரில் மன்னாரில் எங்கள் முசலிப் பிரதேசத்து மரிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கத்தை ஒதுக்கக்காடு என்று அரச வர்த்தமானியில் போட்டார்கள். ஆளைத் துரத்தியதால் வளர்ந்த காடு அது. அதையே காட்டி ஆளுக்கு இடமில்லை என்றால் நாங்கள் எங்கே போவது?

வனத்தின் பக்கம்:
வெளியேற்றம் பெரும் அநியாயம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வில்பத்து தேசிய பூங்காவுக்கு வடக்கே வெட்டப்பட்டதெல்லாம் பழைய வளவு இல்லை. கல்லாறு காட்டில் நடந்த அழிப்பு சட்டவிரோதம் என்று 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மரம் நடும் செலவை முன்னாள் அமைச்சர் ஒருவர் ஏற்க வேண்டும் என்றும் சொன்னது. உலர்வலயக் காட்டை ஒருமுறை இழந்தால் எங்கள் ஆயுளுக்குள் திரும்ப வராது. யானை நடமாட்டத்தையும் யோசியுங்கள்.

முசலி மண்:
புதிதாகக் காடு வெட்டியவர்களுக்காக நான் பேசவில்லை. ஆனால் தேசிய பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு. எங்கள் ஊர்கள் ஆற்றுக்கு வடக்கே, பூங்காவுக்கு வெளியே. மையவாடியும் (அடக்கத்தலம்) பழைய கிணறும் இருக்கிற இடத்தை, கல் கட்டிய குளத்தை ஒரு வரைபடக் கோடு எப்படிக் காடாக்கும்? முதலில் நிலத்தில் இறங்கி, ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு அளந்திருக்க வேண்டும். இன்னொன்று: 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இன்று நாலைந்து குடும்பம். பழைய வளவு மட்டும் போதாது. அரசாங்கம் காணி ஒதுக்காததால் சனம் காட்டோரம் போகிறது. இதை நான் மறைக்கவில்லை.

மயிலிட்டியான்:
நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். எங்கள் மாமா 1998இல் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டை வாங்கினார். நொத்தாரிசு முன் உறுதி முடித்து, பேசிய காசைக் கொடுத்தார். இப்போது அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் வந்து "நியாயமான விலையில்லை" என்கிறார்கள். மாமா திருடவில்லை. அவரும் இடம்பெயர்ந்த மனிதர். யாழ்ப்பாண வடகரையில் எங்கள் மயிலிட்டித் துறைமுகத்தைப் பிடித்துவைத்திருந்த இராணுவம் அதை விட்டது 2017 ஜூலையில்தான், 27 வருடம் கழித்து. அழிந்த எங்கள் வீடுகளுக்கு யார் விலை பேசுவது?

முசலி மண்:
அண்ணை, மாமாவைத் திருடர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1998இல் அதை விற்றவர் யார்? முகாமில் மகளின் கல்யாணத்துக்கோ மருந்துக்கோ காசில்லாமல், இனி ஊர் பார்ப்போம் என்ற நம்பிக்கையே இல்லாமல் இருந்தவர். உறுதி சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்த விலையில் ஒரு துரத்தலும் சேர்ந்திருக்கிறது.

விற்கப்படாமலே போன காணிகள்தான் எனக்குப் பெரிய கவலை. பத்து வருடம் எதிர்ப்பின்றி ஒருவர் அனுபவித்தால் காணி அவருக்கே. இதுதான் நம் நாட்டுச் சட்டம். துரத்தப்பட்டவன் வந்து எதிர்ப்புச் சொல்ல முடியாத காலத்தையும் அது கணக்கில் எடுத்தது. 2016இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்து, 1983 மே முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து நீக்கியது. நல்ல சட்டம். ஆனால் வழக்குப் போட இரண்டே வருடம். புத்தளத்தில் கூலிக்குப் போகிறவனுக்கு யாழ்ப்பாண நீதிமன்றமும் சட்டத்தரணியும் எட்டும் தூரமா? எங்கள் வீட்டிலேயே அந்தச் சட்டம் இருப்பது தெரியும் முன் காலம் முடிந்துவிட்டது.

மயிலிட்டியான்:
அந்தச் சட்டத்தை நானும் வாசித்தேன். ஆயுதக் குழுக்களால் உரிமையைக் கோர முடியாமல் போனவர்களுக்குத்தான் அது. இராணுவம் பிடித்துவைத்ததால் காணியை இழந்தவன் அதில் எங்கே வருகிறான்? இதைக் கேட்டால் உடனே "தமிழன் முஸ்லிமின் நியாயத்தை மறுக்கிறான்" என்கிறார்கள்.

முசலி மண்:
நான் அப்படிச் சொல்லவில்லை. சிலாவத்துறையில் முஸ்லிம்களின் காணியில் கடற்படை முகாம். பக்கத்து முள்ளிக்குளத்தில் தமிழ்க் கத்தோலிக்கரின் ஊரே கடற்படையிடம் போனது. இரண்டு ஊரும் ஒரே வாசலில்தான் மனுக் கொடுத்தன. (கிழக்கு வேறு கதை. அங்கே இரண்டு பக்கமும் ஒன்று மற்றதிடம் வயலை இழந்திருக்கிறது. அதை இதில் கலக்கவில்லை.)

மயிலிட்டியான்:
சரி, 2016 சட்டத்தின் காலத்தை நீட்ட வேண்டும், இராணுவம் பிடித்த காணிகளையும் சேர்க்க வேண்டும். இதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் மாமாவின் வீட்டைத் திருப்பிக் கேட்கக் கூடாது. விற்றவருக்கு விலையில் குறைந்துபோன மீதியை அரசாங்கம் கொடுக்கட்டும்.

முசலி மண்:
வீட்டை நான் கேட்கவில்லை அண்ணை. அந்தக் குடும்பத்துக்கு இருக்க ஒரு துண்டுக் காணி அதே நகரத்தில் வேண்டும், புத்தளத்தில் இல்லை. அதற்கு மாமா ஒரு கடிதம் தருவாரா, "இவர்கள் இங்கே வாழ்ந்தவர்கள்" என்று? பிரதேச செயலகத்தில் அதைத்தான் கேட்கிறார்கள்.

மயிலிட்டியான்:
கேட்டுப் பார்க்கிறேன்.