ஒரே ஃபிக்ஸை மூன்று பிராஞ்சில் போடுவது எப்படி?

கேள்வி: கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) மெயின் தவிர 2.1, 2.2 என்று இரண்டு ரிலீஸ் பிராஞ்ச் (வெளியிட்ட பதிப்புக்கான தனிக் கிளை) இருக்கு. ஒரே ஃபிக்ஸ் (பிழைத்திருத்தம்) மூன்றிலும் வேணும். மெர்ஜா (ஒரு பிராஞ்சை முழுசாக இன்னொன்றில் சேர்ப்பது), செர்ரி-பிக்கா (ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்துப் போடுவது)?

பதில் 1: பிழை இருக்கும் மிகப் பழைய பிராஞ்சில் ஃபிக்ஸை கமிட்டாக (பதிவு செய்த மாற்றம்) போடுங்க. பிறகு 2.1-ஐ 2.2-க்குள், 2.2-ஐ மெயினுக்குள் மெர்ஜ். எங்கெல்லாம் சேர்ந்தது என்பதை 'கிட் பிராஞ்ச் --கன்டெய்ன்ஸ்' காட்டிவிடும். வெர்ஷன் எண்ணை மாற்றிய கமிட் மேலே (புதிய பிராஞ்சுகளுக்கு) ஏறக்கூடாது. அதற்கு முந்தையது வரை சாதாரணமாக மெர்ஜ் செய்துவிட்டு, அதை மட்டும் '-எஸ் அவர்ஸ்' (வரும் மாற்றத்தை விட்டுவிட்டு, சேர்ந்ததாக மட்டும் பதியும்) போட்டு மெர்ஜ் செய்யுங்க. கூடவே வேறு ஃபிக்ஸ் ஒட்டிக்கொண்டு வந்தால் அதுவும் சத்தமில்லாமல் காணாமல் போகும், ஜாக்கிரதை.

பதில் 2: மெயினில் ஏற்கெனவே போட்டாச்சுன்னா செர்ரி-பிக்தான். லினக்ஸ் கெர்னலின் ஸ்டேபிள் பிராஞ்சுகளிலும் முதலில் மெயின்லைன் (முதன்மை பிராஞ்ச்), அப்புறம்தான் பேக்போர்ட் (பழைய பிராஞ்சுக்குக் கொண்டுபோவது). செர்ரி-பிக்கில் '-எக்ஸ்' சேர்த்தால் மூல கமிட்டின் ஹேஷ் (அடையாளக் குறியீடு) கமிட் செய்தியிலேயே பதிவாகும். எடுப்பது மெர்ஜ் கமிட் என்றால் '-எம் 1' (முதல் பெற்றோர் கமிட்டோடு ஒப்பிடு என்று சொல்வது) வேணும்.

கேட்டவர்: விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க?

பதில் 2: 'கிட் செர்ரி 2.2 மெயின்'. மைனஸ் என்றால் 2.2-இல் இருக்கு, பிளஸ் என்றால் இல்லை. ஆனால் கான்ஃபிளிக்ட் (மாற்றங்கள் ஒன்றோடொன்று மோதுவது) தீர்த்துப் போட்டவற்றின் பேட்ச் ஐடி (மாற்றத்தின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) மாறியிருக்கும். அதனால் பிளஸ் என்றே வரும். அவற்றை '-எக்ஸ்' பதித்த ஹேஷை வைத்து 'கிட் லாக் --கிரெப்'பில் தேடுங்க.