ஆபுத்திரன் கதைய பசங்களுக்கு எப்படி சொல்றது? கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். எங்க தெருவுல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏழெட்டு பசங்கள உக்கார வச்சு கதை சொல்லிட்டு இருக்கேன், எல்லாம் 12, 13 வயசு. இப்ப மணிமேகலை காப்பியம் போயிட்டு இருக்கு. சிறைக்கோட்டத்துல பசியில கெடந்தவங்களுக்கு மணிமேகலை, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி பாத்திரத்துல இருந்து சோறு போட்டதும், ராஜா என்ன வேணும்னு கேக்க இந்த ஜெயில அறக்கோட்டமா, அதாவது தர்மம் செய்யற எடமா மாத்துங்கன்னு அவ கேட்டதும் பசங்களுக்கு ரொம்ப புடிச்சிருச்சு. ஜெயில்ல இருந்தவன் தப்பு பண்ணவன்தானே அவனுக்கு எதுக்கு சோறுன்னு ஒரு பொண்ணு கேட்டா, அரை மணி நேரம் அதே பேச்சுதான்.

அடுத்தது கொஞ்சம் பின்னாடி போய் 13ஆவது காதை (அத்தியாயம்), ஆபுத்திரன் கதை. இங்கதான் மாட்டிக்கிட்டேன். அவனோட அம்மா சாலி, புருஷன் இல்லாம வேற ஒருத்தரோட உறவுல பெத்த குழந்தைய வழியில ஒரு தோட்டத்துல போட்டுட்டு போயிடுறா, ஒரு பசுமாடு ஏழு நாள் பால் குடுத்து காப்பாத்துது. அந்தப் பையன் வளந்து வேள்விக்கு கட்டி வச்ச மாட்ட அவுத்து விட்டதும் அவன் பிறப்ப சொல்லி ஊரே திட்டுது, அவன் திருப்பி உங்க ரிஷிங்க பிறப்பு என்னன்னு கேக்குறான் பாருங்க, எனக்கு அந்த எடம் படிக்கறப்ப எல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

சாலி பகுதிய விட்டுட்டா அந்த கேள்விக்கே அர்த்தம் இல்லாம போயிடும், அதனால விட மனசு இல்ல. அவள கெட்டவளா காட்டாம இந்த வயசு பசங்களுக்கு எப்படி சொல்லலாம்? டீச்சர்ஸ் யாராச்சும் சொல்லியிருந்தா எழுதுங்க, இந்த ஞாயிறுக்குள்ள வேணும். எளிய உரைநடையில நல்ல பதிப்பு இருந்தாலும் சொல்லுங்க.